பிள்ளையார் கதையும் ஒரு மறுபதிப்பும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே ஜேர்மனியில் பிற்பகல் மூன்று மணி. ரொறன்ரோ நண்பர்கள் காலைத் தேநீரோடு இருப்பீர்கள். சிட்னியில் இரவு பதினொன்று. தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்திருப்பவர்களுக்கு முதலில் நன்றி.

அரிய நூல்களின் மறுபதிப்புகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆய்வாளன் அல்ல. மருந்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குகிறவன். ஆனால் வீட்டில் ஒன்றரை அலுமாரி முழுக்க வரலாறும் சமயமும் பற்றிய பழைய புத்தகங்களின் மறுபதிப்புகள் இருக்கின்றன. "இவையளும் எங்களோடதான் வாடகை குடுக்காமல் இருக்கினம்" என்று மனைவி சொல்வார். அந்த அலுமாரியால் எனக்கு நேர்ந்த ஒரு பிழையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நூலைப் பற்றிய பேச்சும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. 97,000 புத்தகங்கள் என்று பிறகுதான் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது, அப்பா சட்டைப்பையில் எப்போதும் வைத்திருந்த நூலக அட்டை மட்டும்தான். அதற்குப் பிறகும் அவர் அதை எறியவில்லை. அந்த நெருப்பு எங்களுக்குள் ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது என்று நினைக்கிறேன். பழைய புத்தகம் ஒன்று திரும்பி வந்தால் தப்பி வந்த உறவினரைப் போலப் பார்க்கிறோம். கட்டிப்பிடித்து அழுகிறோம். எங்கே இருந்தீர்கள், யாரோடு வந்தீர்கள் என்று கேட்பதில்லை.

இதில் ஓர் இடைச்செருகல். யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அந்த நெருப்பில் போய்விட்டது என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். எரிந்தவை ஈடு செய்ய முடியாத சுவடிகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வைபவமாலையை பிறிற்றோ என்பவர் 1879இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொழும்பில் அச்சிட்டுவிட்டார். தமிழில் குல. சபாநாதனின் பதிப்பு இருக்கிறது. நூல் எங்களிடம் உண்டு. துக்கத்தைச் சொல்வதற்குக்கூடச் சரியான விபரம் வேண்டும்.

தொண்ணூறுகளில் ஊருக்குப் போக முடியாத காலம். அம்மாவும் அப்பாவும் சென்னைக்கு வருவார்கள், நாங்கள் இங்கிருந்து போவோம். அப்படிப் போன ஒரு தடவை ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் என்ற நிறுவனத்தின் மறுபதிப்புகளை முதன்முதலில் கையில் எடுத்தேன். முதலியார் இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் எழுதிய பண்டைய யாழ்ப்பாணம், வின்சுலோவின் அகராதி, எமர்சன் ரெனன்ற்றின் இலங்கை, குவேறோஸ் பாதிரியாரின் மூன்று பெரிய பாகங்கள். அப்பா இராசநாயகத்தை எடுத்து மடியில் வைத்து அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த புத்தகமாம். திரும்பி வரும்போது என் பெட்டியில் உடுப்பைவிடப் புத்தகம் கூட. விமான நிலையத்தில் கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் எடுத்து உறவினரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் பேச்சு வரும்.

இந்தப் புத்தகங்கள் எப்படிச் செய்யப்படுகின்றன? பழைய பிரதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அந்தப் படத்தையே அச்சிடுகிறார்கள். புதிதாக எழுத்துக் கோப்பதில்லை. 1859இல் விழுந்த அச்சுப்பிழை அப்படியே இருக்கும். முந்தைய உரிமையாளர் ஓரத்தில் இட்ட பென்சில் கோடுகூடச் சில நேரம் கறுப்பாக வந்துவிடும். இது குறை அல்ல, நம்பகம். யாரும் நடுவில் புகுந்து திருத்தவில்லை என்று தெரியும். ஆயிரம் பவுண் கொடுத்து ஏலத்தில் எடுக்க முடியாத ஒருவன், கிடங்குச் சம்பளத்தில் வாங்கிப் படிக்கலாம். இதைச் செய்தவர்களுக்கு நான் கடன்பட்டவன்.

இணையம் வந்தபின் வேறொரு வகை மறுபதிப்பு வந்தது. பெரிய நூலகங்களில் வருடி இணையத்தில் விட்டிருக்கும் கோப்பை எடுத்து, யாராவது கேட்டால் மட்டும் ஒரு பிரதி அச்சிட்டு அனுப்புவார்கள். அட்டையில் நூலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சூரிய அஸ்தமனம் இருக்கும். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஊர் பண்டத்தரிப்பு. பிலிப்பஸ் பல்தேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியாரின் புத்தகத்தில் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் படம் இருக்கிறது என்று சிறு வயதில் கேட்டிருந்தேன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது வந்தவர் அவர். 1665 வரை இருந்தார். மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றையும் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1672இல் அம்ஸ்ரடாமில் ஒல்லாந்த மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆங்கிலத்திலும் வந்தது. தெல்லிப்பழை, மல்லாகம், சங்கானை, வட்டுக்கோட்டை என்று ஊர் ஊராகச் செப்புத்தகட்டுப் படங்கள் உண்டு. தமிழ் எழுத்தையே தகட்டில் செதுக்கி அச்சிட்ட பக்கமும் உண்டு. 1672இல் அம்ஸ்ரடாமில் தமிழ் எழுத்து! நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும்.

ஆங்கில வடிவத்தை 2008இல் அப்படியான ஒரு நிறுவனத்திடமிருந்து வாங்கினேன். பெயர் வேண்டாம். புத்தகம் வந்தது. வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் மடித்த தாளின் முதுகு மட்டும் வெள்ளையாக இருந்தது. வருடியவர் மடிப்பைப் பிரிக்கவில்லை. ஒரு பக்கத்தில் இரண்டு விரல், ரப்பர் உறையோடு. எங்கள் ஊர்ப் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டு. நாற்பத்திரண்டு யூரோ! அந்த விரலுக்குரியவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

படம் போனால் போகட்டும் என்று எழுத்தை வாசிக்கத் தொடங்கினேன். நூலின் பிற்பகுதியில் கிழக்கிந்தியரின் சமயம் பற்றி நீண்ட பகுதி இருக்கிறது. சிவன், பார்வதி, பிள்ளையார், திருமாலின் பத்து அவதாரங்கள். 'விக்கிரக வழிபாடு' என்ற ஏளனத்தோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் கதைகளை விரிவாகச் சொல்கிறார். பிள்ளையார் பிறந்த கதை, கோயிலில் கந்தபுராணப் படிப்பில் நான் கேட்டதிலிருந்து சில இடங்களில் விலகியிருந்தது. அந்த விலகல்தான் என்னை மயக்கிவிட்டது. பல்தேயஸ் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர். யாழ்ப்பாணத்துச் சனத்திடம் கேட்டு எழுதியிருக்கிறார். ஆகவே இது 350 ஆண்டுகளுக்கு முன் எங்கள் திண்ணைகளில் சொல்லப்பட்ட கதை வடிவம்! கந்தபுராணப் படிப்பு வந்து அதை மாற்றிவிட்டது! இப்படி ஒரு கோட்டையை ஒரே இரவில் கட்டினேன்.

2009இல் எங்கள் பகுதித் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு அதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். ஆறு பக்கம். மலர்க்குழுவினர் மகிழ்ந்தார்கள். "இப்பிடி ஆதாரத்தோட எழுத எங்களிட்ட ஆள் இல்லை" என்றார் ஒருவர். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. அடுத்த வருடம் வாணிவிழாப் பேச்சுப் போட்டியில் என் நண்பரின் மகள், பன்னிரண்டு வயது, என் கட்டுரையை மனப்பாடம் செய்து பேசினாள். முதல் பரிசு. மேடையை விட்டு இறங்கி ஓடிவந்து, "மாமா, உங்கட கதையாலதான்" என்றாள். அன்று நான் பட்ட சந்தோசத்தை மறைக்க மாட்டேன்.

2011இல் ஒல்லாந்திலிருந்து ஒரு தொலைபேசி. எழுபது வயது தாண்டிய ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். மலரின் பிரதி எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கிறது. நலம் விசாரித்தார். கட்டுரை நல்ல தமிழில் இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "தம்பி, அந்தப் பிள்ளையார் கதை உண்மையிலே பல்தேயஸ் எழுதினதோ?"

"ஓம் ஐயா, புத்தகத்தில அப்படியே இருக்கு" என்றேன்.

"புத்தகத்தில இருக்கிறது சரி. அவர் ஆரிட்டக் கேட்டவர்?"

எனக்கு விடை தெரியவில்லை. யாழ்ப்பாணத்தாரிடம் என்று நான் எழுதியிருந்தேனே தவிர, புத்தகத்தில் எந்த இடத்திலும் அதைக் காட்ட எனக்கு முடியவில்லை. அது நானாக நிரப்பிய இடம்.

அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தச் சமயப் பகுதியை 1917இல் ஹேக் நகரில் டி யோங் என்பவர் தனியாகப் பதிப்பித்தார். பல்தேயஸ் கைக்கொண்ட மூலங்களைப் பற்றிய கேள்விகள் அங்கேயே எழுந்துவிட்டன. 1933இல் யார்ல் சார்பென்டியர் என்ற சுவீடிய அறிஞர், ஃபெனிசியோ என்ற பாதிரியாரின் நூலை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். ஃபெனிசியோ இத்தாலியர், இயேசு சபையைச் சேர்ந்தவர். கோழிக்கோடு உட்பட மலையாளக் கரையில் நெடுங்காலம் இருந்தவர். இந்துக்களின் சமயத்தை மறுப்பதற்காக 1609 அளவில் போர்த்துக்கேய மொழியில் ஒரு நூல் எழுதினார். அது கைப்பிரதியாகவே கிடந்தது. இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. பல்தேயஸின் சமயப் பகுதியில் பெரும்பங்கு அந்தக் கைப்பிரதியிலிருந்து எடுத்தது என்பதைச் சார்பென்டியர் காட்டினார். பத்து அவதாரப் பகுதிக்கு இன்னொரு கைப்பிரதி. பிலிப் ஆங்கல் என்ற ஒல்லாந்தக் கம்பெனிக்காரருடையது. அவர் ஒரு காலத்தில் லைடன் நகரத்து ஓவியர், பிறகு பாரசீகம்வரை கம்பெனி வேலையில் அலைந்தவர். இருவரின் பெயரையும் பல்தேயஸ் சொல்லவில்லை. மலையாளக் கரையில் ஒல்லாந்தர் நடத்திய படையெடுப்பில் கூடப் போனவர் அவர். கைப்பிரதிகள் கையில் கிடைக்கக்கூடிய இடம்தான்.

ஆக, நான் எங்கள் ஊர்த் திண்ணைக் கதை என்று எழுதியது, பல்தேயஸ் யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், மலையாளக் கரையில், மறுப்பதற்கென்றே ஓர் இத்தாலியர் சேகரித்த கதை. என் கையிலிருந்த மறுபதிப்பில் இதில் ஒரு சொல்கூட இல்லை. எப்படி இருக்கும்? அது பழைய பக்கத்தின் படம். அந்தப் பக்கத்துக்குப் பிறகு உலகம் கண்டுபிடித்தது எதுவும் அந்தப் படத்துக்குள் வராது. நூல் தன் பழைய வயதோடு, தன் பழைய பொய்யோடும், புத்தம் புதுத் தாளில் வந்து நிற்கிறது. தாளின் வெள்ளை ஒரு தைரியத்தைத் தருகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. செல்லரித்த மூலப்பிரதியாக இருந்திருந்தால் ஒருவேளை நான் கொஞ்சம் பயந்திருப்பேன்.

அன்றிரவு நித்திரை இல்லை. கோபம் முதலில் பல்தேயஸ் மேல் வந்தது, பிறகு அந்த விரல்காரர் மேல். விடியப்புறம்தான் என் பக்கம் திரும்பியது.

பல்தேயஸைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இலங்கைப் பகுதியில் அவர் கண்ணால் பார்த்தது நிறைய இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் பீற்றர் புறோகியர் ஒல்லாந்த மூலத்திலிருந்து நேராக மொழிபெயர்க்க, 1960இல் இலங்கையில் வெளிவந்தது. தேவாலயங்களின் பெயர், பாடசாலைகள், ஊர்களின் ஒழுங்கு எல்லாம் அங்கே அவருடைய அன்றாட வேலை. அவற்றை நம்பி எடுக்கலாம், அங்கும் அவர் ஒரு கட்சிக்காரர் என்ற நினைவோடு. ஒரே புத்தகத்தின் இரு பகுதிகளுக்கு இரண்டு விதமான நம்பிக்கை. குவேறோஸும் அப்படித்தான். இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சியைப் பற்றி அவர் அளவுக்கு எழுதியவர் இல்லை. ஆனால் கோவாவில் இருந்து எழுதியவர், இலங்கையில் கால் வைக்காதவர். அவர் கைப்பிரதி பிரேசில்வரை போய், ஆங்கிலத்தில் வர 1930 ஆயிற்று.

அதன் பிறகு அலுமாரியில் இருந்த ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் படித்தேன். சிரிக்காதீர்கள், அதுவரை நான் தலைப்புப் பக்கம் படித்தவன் அல்ல. அப்போது அகப்பட்டது சீகன்பால்கு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜேர்மன் பாதிரியார். தென்னிந்தியத் தெய்வங்களின் பரம்பரை பற்றி 1713இல் எழுதி முடித்து ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே ஃபிராங்கே என்ற பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தை ஒழிக்க அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்ற கருத்தில் பதில் சொன்னார் என்று பின்னால் வந்த பதிப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சீகன்பால்குவின் பெயரோடு அது அச்சேறியது 1867இல், சென்னையில், கெர்மான் என்பவர் கையால். 154 ஆண்டு! இரண்டு வருடம் கழித்து மெட்ஸ்கர் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. டெல்லியில் மறுபதிப்பாக வந்து என் அலுமாரியில் இருப்பது இந்த 1869ஆம் ஆண்டு ஆங்கிலம்தான்.

அதன் தலைப்புப் பக்கத்தில் ஒளிக்காமலே போட்டிருக்கிறது: கெர்மானின் குறிப்புகளும் சேர்க்கைகளும் உண்டு, மெட்ஸ்கர் சுதந்திரமாக மொழிபெயர்த்தார், புதிய விடயங்களும் சேர்த்தார் என்று. அதாவது அதில் மூன்று பேர் பேசுகிறார்கள். மாரியம்மனைப் பற்றி ஒரு வரியை எடுத்து '1713இல் சீகன்பால்கு சொன்னார்' என்று நாம் எழுதினால், அது 1860களில் சென்னையில் சேர்த்ததாக இருக்கலாம். நூற்றைம்பது வருடம் கிராமத் தெய்வ வழிபாட்டில் சின்ன இடைவெளியா? பல்தேயஸ் ஒளித்தார், இவர்கள் ஒளிக்கவில்லை, ஆனால் இரண்டு இடத்திலும் ஏமாந்தது நான்தான்.

இங்கே நல்ல செய்தியும் உண்டு. டானியேல் ஜெயராஜ் என்ற தமிழ் அறிஞர் சீகன்பால்குவின் மூலத்தை ஆய்வுப் பதிப்பாக 2003இல் ஹாலேயில் கொண்டுவந்தார். 2005இல் ஆங்கிலத்திலும் வந்தது. மெட்ஸ்கரையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் எங்கே யார் குரல் என்று தெரியும். சீகன்பால்குவுக்குத் தமிழர்கள் எழுதிய கடிதங்களும் 1714இலும் 1717இலும் ஹாலேயில் அச்சாகியிருக்கின்றன. கேள்வி கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்கியிருக்கிறார்கள். 'ஆரிட்டக் கேட்டவர்' என்ற அந்த ஐயாவின் கேள்விக்கு இங்கே விடை கொஞ்சமாவது இருக்கிறது.

ஹாலேக்கு ஒரு தடவை போனேன். ரயிலில் அரைநாள். 1698இல் ஃபிராங்கே தொடங்கிய அந்த வளாகம் இன்னும் இருக்கிறது. பழைய நூலகம் நாடகமேடைத் திரைகளைப் போல அடுக்கு அடுக்காக அலுமாரிகள் நிற்கும் ஒரு மண்டபம். அங்கே தமிழ் ஓலைச்சுவடிகளும் பாதுகாக்கப்படுகின்றன. மூன்று நூற்றாண்டு குளிரில் இருந்த எங்கள் எழுத்து. அப்பா இருந்திருந்தால் கூட்டிப் போயிருப்பேன்.

மறுபதிப்புச் செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விடயமில்லை. நாலு பக்கம். இது எந்தப் பிரதியின் படம், எது முதல் பதிப்பு, இடையில் யார் கைவைத்தார்கள், இந்த நூலைப் பற்றிப் பிறகு என்ன தெரியவந்தது. எங்களிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. சைமன் காசிச்செட்டி 1859இல் தமிழ்ப் புலவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூட்டாக்', 1946இல் கொழும்பில் மறுபடி வந்தபோது தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு வந்தது. காசிச்செட்டியின் வசனம் ஒன்றையும் மாற்றாமல், இந்த இடத்தில் இன்று இப்படித் தெரிகிறது என்று சொல்லலாம். மூலத்துக்கும் மரியாதை, வாசிப்பவனுக்கும் வழி. பதிப்பிக்கிறவர் செய்யாவிட்டால் வாசிப்பவர் ஒரு துண்டுத்தாள் வைக்கலாம். நான் வைக்கிறேன். என் பல்தேயஸுக்குள் இப்போது ஃபெனிசியோ ஒரு மஞ்சள் தாளில் இருக்கிறார்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் மலர்க்குழுவிடம் போய், அடுத்த மலரில் ஒரு திருத்தம் போடுங்கள் என்றேன். "பழைய மலர் அண்ணை, ஆர் பாக்கப் போகினம்? தேவையில்லாமல் பாடசாலைக்கும் பேர்" என்றார்கள். எனக்கும் வெட்கம், அதனால் வற்புறுத்தவில்லை. அந்தச் சோம்பலை இன்றுவரை சுமக்கிறேன். ஏனென்றால் போன வருடம் வேறொரு நாட்டில் கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்றில் அதே பிள்ளையார் கதை, 'பதினேழாம் நூற்றாண்டு யாழ்ப்பாண மரபு' என்று, என் வசனம் என் வசனமாகவே வந்திருக்கிறது. என் பெயர் இல்லை. பல்தேயஸ் ஃபெனிசியோவுக்குச் செய்ததை எனக்கும் யாரோ செய்துவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பரிசு வாங்கிய அந்தப் பிள்ளைக்கு இப்போது வேலை, கலியாணம் எல்லாம் ஆகிவிட்டது. போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் கப்பைத் திருப்பிக் குடுக்கோணுமே மாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு ஃபெனிசியோ என்ற பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

இந்த நேரலையில் எங்கள் பகுதிக்காரர் சிலரும் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் 2009ஆம் ஆண்டு மலர் இருந்தால், என் கட்டுரையின் முதல் பக்க ஓரத்தில் பேனையால் எழுதிவிடுங்கள்: 'இந்தக் கதை மலையாளக் கரையில் ஃபெனிசியோ சேகரித்தது, யாழ்ப்பாணத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.' பேனையாலேயே எழுதுங்கள், பென்சில் வேண்டாம். நாளைக்கு யாராவது அந்த மலரை வருடினால் அதுவும் சேர்ந்து விழ வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முதலில் சிட்னிக்காரர் கேட்கட்டும், அங்கே நேரமாகிவிட்டது.